சாட்சி சொல்ல யார் வர்றீங்க?

மதுக்கரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாடல் முடிந்ததும் "சாட்சி சொல்ல யார் வர்றீங்க?" என்று போதகர் கேட்பார். ஒருவர் எழுந்து கடன் அடைந்ததைச் சொல்வார். இன்னொருவர் மகள் நர்சிங் முடித்ததைச் சொல்வார். சபை அல்லேலூயா சொல்லும்.

காவல் நிலையத்திலும் இதே சொல்தான். ஆனால் அங்கே யாரும் எழுந்திருப்பதில்லை.

எங்கள் பக்கத்துக் காலனி ஒன்றில், ஒரு வீட்டில் நடந்த ஜெபத்துக்குள் கும்பல் ஒன்று புகுந்தது. மதமாற்றம் என்று கத்தியது. ஜெபம் நடத்திய அக்காவைச் சாதி சொல்லித் திட்டிக் கீழே தள்ளியது. நாங்கள் புகார் எழுதினோம். உள்ளே இருந்தவர்கள் இருபது பேருக்கு மேல். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள் இரண்டே பேர், இருவருமே சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒருவன் மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிற பக்கத்து வீட்டுப் பையன். இன்னொருவர் அக்காவோடு கட்டட வேலைக்குப் போகிற தோழி. சபைப் பெரியவர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "ஏங்கண்ணு, நமக்கெதுக்கு வம்பு? கர்த்தர் பாத்துக்குவாரு."

கோபம் வந்தது. ஆனால் தோழர்களே, அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்பதில் நாம் தவறக் கூடாது.

வராதவர்களில் ஒரு கல்லூரி மாணவனும் இருந்தான். அவனுக்கு இரண்டு பெயர். சபையில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. காவல் நிலையத்தில் "நான் அந்த ஜெபத்தில் இருந்தேன்" என்று எழுதிக் கொடுத்தால் அவனுடைய எஸ்.சி. சான்றிதழ் கேள்விக்குள்ளாகும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு இன்னும் திறக்கவில்லை. கிறிஸ்தவராக மாறிய தலித் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுகிறார். ஊர் மட்டும் அவரைப் பழைய சாதியாகவே பார்க்கிறது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதி சொல்லித் தாக்கப்பட்டதாக ஒரு போதகர் தொடுத்த வழக்கில், கிறிஸ்தவரானவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. அடித்தவனுக்குத் தெரிகிற சாதி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

எனவே இரண்டு பெயரோடு வாழும் நம் தம்பி தங்கைகளைக் கோழைகள் என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. மறுதலிக்கும்படி அவர்களை நிறுத்தி வைத்திருப்பது அரசு. எங்கள் கேள்வி, இழப்பதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லாதவர்களிடம். நிலமும் பள்ளியும் பதவியும் கையில் வைத்துக்கொண்டு "ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்" என்று முடித்துக்கொள்கிறவர்களிடம்.

விசுவாசம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் நடத்த ஒருவர் இருந்தார். திருச்சி மாவட்டம் விரகலூரில் 1937-ல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடிய இளைஞர்களுக்காகவும் பல பத்தாண்டுகள் உழைத்தார். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று என்.ஐ.ஏ. அவரை ராஞ்சியில் கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் கேட்டார். பதில் சொல்லவே 20 நாள் அவகாசம் கேட்டது என்.ஐ.ஏ.

2021 மே மாதம் உயர் நீதிமன்றம் அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்களா என்று கேட்டபோது அவர் மறுத்தார். இடைக்கால ஜாமீன் கொடுங்கள், ராஞ்சியில் என் மக்களோடு இருக்க வேண்டும் என்றார். பின்னர் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, ஜூலை 5 அன்று இறந்தார். அவரது கணினியில் ஆவணங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று 2022 டிசம்பரில் ஒரு அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அறிக்கை தந்தது. உயிர் போன பிறகு.

"அவர் அரசியல் பண்ணினார், அதனால் மாட்டினார்" என்று நம் சபைகளிலேயே பேசுகிறார்கள். சரி, பண்ணினார். ஆதிவாசியின் நிலம் பறிபோகும்போது பக்கத்தில் நிற்பது அரசியல் என்றால், நிற்காமல் இருப்பதும் அரசியல்தான். அன்று பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவிடம் யாரும் கடவுளை நம்புகிறாயா என்று கேட்கவில்லை. பிடிபட்டவனோடு நீயும் இருந்தாய் அல்லவா என்றுதான் கேட்டார்கள். மறுதலிக்கப்பட்டது ஒரு நட்பு.

தலோஜா சிறையிலிருந்து ஸ்டேன் சுவாமி எழுதிய கடிதத்தில் தன் துயரம் கொஞ்சம்தான். தனக்கு உணவு ஊட்ட உதவும் அருண் பெரேரா, குளிக்க உதவும் வெர்னான் கொன்சால்வஸ், துணி துவைத்துக் கொடுத்து மூட்டைப் பிடித்துவிடும் ஏழைச் சக கைதிகள் ஆகியோரைப் பற்றித்தான் அதிகம். அந்தக் கொட்டடியில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்களுக்கு அதுவே திருச்சபை.

வெளியே இருக்கிற திருச்சபை எப்படி? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்து நின்றது ஒரு சுவர். 2008-ல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தனிப் பங்கு கேட்டதற்காக தலித் கிறிஸ்தவர்களின் வீடுகளைத் தாக்கியவர்களும் கிறிஸ்தவர்களே. ஆபத்துக் காலத்தில் எங்களோடு நில்லுங்கள் என்று எங்களிடம் கேட்கும் திருச்சபை, எங்கள் ஆபத்தில் எங்கே நின்றது? விசுவாசம் ஒருவழிப் பாதை அல்ல.

இளம் தோழர்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறோம். ஒன்று, நண்பன் காவல் நிலையம் போனால் தனியாக அனுப்பாதீர்கள். வாய்தாவுக்கு வாய்தா கூடவே போங்கள். கூட வர ஆள் இல்லாமலே தோற்கிற வழக்குகள் உண்டு. இரண்டு, இரண்டு பெயர் உள்ளவரிடம் உன் உண்மைப் பெயர் எது என்று கேட்காதீர்கள். 1950 ஆணையைத் திருத்தச் சொல்லி அரசிடம் கேளுங்கள். மூன்று, இழக்க எதுவும் இல்லாதவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் உட்பட.

அந்தத் தீர்த்தக்குடப் பையனிடம் ஏன் வந்தாய் என்று கேட்டோம். "அக்கா எனக்கு டியூஷன் எடுத்துச்சுங்க" என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்ன சாட்சி.

ஜெய்பீம்.