அழைப்பிதழ் வேடத்தில் வரும் கள்வன்



நிகாஹ் அழைப்புக்கென்று நம்மிடையே ஒரு முறை உண்டு. பெரியவர்கள் வீடு தேடி வந்து, வாயாரச் சொல்லிய பின்னரே அழைப்பிதழைத் தருவார்கள். பாரிஸிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாழும் காரைக்கால் சொந்தங்களுக்கு இன்று அது வாட்ஸ்அப் வழியே செல்கிறது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அதே வழியில் கள்வனும் வருகிறான்!

2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் கைப்பேசிக்கு வரும் கோப்புகளைக் குறித்து மக்களை எச்சரித்தது. ஏன் தெரியுமா? அவை அழைப்பிதழ்களே அல்ல, செயலிகள். கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும்.

அதை நிறுவச் சம்மதித்தால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். வங்கியின் ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது? நீங்கள் அதை எவரிடமும் சொல்லாவிட்டாலும் அச்செயலி படித்துக் கள்வனிடம் சேர்த்துவிடும். கடல் கடந்து உழைப்பவர் அனுப்பிய பணம் நொடியில் பறிபோகும். அத்துடன் முடிவதில்லை. உங்கள் பெயரிலேயே அந்த 'அழைப்பிதழ்' உறவினர்களுக்கும் செல்லக்கூடும். "மாமி அனுப்பியதுதானே!" என்று அவர்களும் திறப்பார்கள். எனவே, தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பது மட்டும் சான்றாகாது.

உண்மையான அழைப்பிதழ் படமாகவோ, காணொளியாகவோ, பி.டி.எஃப். கோப்பாகவோ இருக்கும், 'நிறுவலாமா?' என்று அது ஒருபோதும் கேட்காது. கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அனுப்பியவரை அழைத்து, அவர் குரலில் கேட்டு உறுதி செய்யுங்கள். போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை, வங்கிக் கணக்குப் புதுப்பித்தல் என்ற பெயர்களிலும் இதே கோப்பு வருவதுண்டு.

தவறித் திறந்துவிட்டீர்களா? உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள். 2021இல் மத்திய உள்துறை தொடங்கிய ஏற்பாட்டின்படி, புகார் கிடைத்ததும் பணம் சென்றடைந்த கணக்குகளில் அதை நிறுத்திவைக்க வங்கிகள் முயலும். கள்வன் எடுத்துவிட்ட பிறகு நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? பின்னர், உறவினர்களையும் எச்சரியுங்கள்.

"வீட்டில் ஏசுவார்களே" என்று அஞ்சி மறைத்துவிடாதீர்கள். அந்த மௌனமே கள்வனுக்குக் கிடைக்கும் அவகாசம். வீட்டு ஆண்களே, ஏமாந்தவரை ஏசுவதற்கு முன் 1930ஐ அழையுங்கள்!

நம் கைப்பேசியில் இருப்பவை நம் எண்கள் மட்டுமல்ல; சொந்தபந்தங்கள் நம்பித் தந்த எண்களும் அங்கே உள்ளன. அவை அமானிதம். அதனைக் காப்பது நம் கடமையன்றோ!