வயிற்றைப் பார்த்து வாசலை அடைத்தார்கள்!

பள்ளிக்கூட வாசலிலே என்ன கேட்பார்கள், தோழர்களே? சம்பளம் கட்டினாயா, புத்தகம் கொண்டு வந்தாயா என்று கேட்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டிலே மாணவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள்! மார்பைத் தொட்டுப் பார்த்தார்கள்! சில இடங்களிலே சிறுநீர்ச் சோதனையும் நடந்தது. கணக்குத் தேர்வு எழுத வந்தவளுக்குக் கர்ப்பத் தேர்வு!

2014-இல் எபோலா நோய் அந்நாட்டைக் கவ்வியது. பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வீட்டிலே வறுமை, வெளியிலே காவல் இல்லை. பசிக்கும் பலாத்காரத்துக்கும் இரையான இளம்பெண்கள் பலர் கருவுற்றனர். 2015 ஏப்ரலில் பள்ளி திறந்தது. திறந்த கையோடு அரசு ஆணையிட்டது: வயிறு தெரிகிற பெண்ணுக்கு வகுப்பிலே இடமில்லை, தேர்விலும் இடமில்லை! மற்ற மாணவிகள் கெட்டுவிடுவார்களாம்!

கெடுத்தவன் எங்கே? அவன் அதே பள்ளி மாணவனாக இருந்தாலும் சட்டை கசங்காமல் வகுப்பிலே உட்காரலாம். அவன் வயிறுதான் காட்டிக் கொடுக்காதே!

கண்டனம் கிளம்பியதும், தனிப் பள்ளி தந்தோமே என்றார்கள். வாரத்திலே 3 நாள், பாடம் 4. மற்றவர்க்கு முழுச் சோறு, இவளுக்கு வடித்த கஞ்சி! தனிக்குவளை வைத்த தேநீர்க்கடைகளைக் கண்டவர்கள் நாம். 'தனி' என்றால் என்னவென்று நமக்கு அகராதி தேவையில்லை.

பெண்ணுரிமை அமைப்புகள் வழக்காடின. 2019 டிசம்பர் 12 அன்று, நைஜீரியாவின் அபுஜா நகரிலுள்ள மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தடை பாகுபாடு, கல்வியுரிமைக்கு விரோதம், தனிப் பள்ளியும் பாகுபாடே, உடனே நீக்கு! 2020 மார்ச்சில் அதிபர் ஜூலியஸ் மாடா பயோ தடையை நீக்கினார். 2021-இல் வகுத்த கல்விக் கொள்கை, கருவுற்ற மாணவியையும் பிள்ளை பெற்ற மாணவியையும் பள்ளிக்குள் சேர்த்துக்கொண்டது.

மகிழ்ச்சிதான். ஆனால் இடையிலே போன ஐந்து ஆண்டுகள்? பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வரலாம் என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? பள்ளிச் செலவுக்கு எங்கே போவாள்? திரும்பாமலே போனவர்கள் உண்டு. அவர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டி வருவது அரசின் கடமை அல்லவா? வகுப்பறைக்குப் பக்கத்திலே ஒரு தொட்டில் கட்ட அரசிடம் கயிறு இல்லையா?