பொருந்தாத 31 மாதிரிகள்

“தப்பு செய்யலன்னா டி.என்.ஏ. கொடுக்க ஏன் பயப்படணும்?” வேங்கைவயலைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் எங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் நம் கல்லூரித் தோழர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. ஏப்ரலில் டி.என்.ஏ. சோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டுப் பேர் மறுத்தார்கள். பாதிக்கப்பட்ட தங்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயும், ஜூலையில் ரத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று. மொத்தம் 31 பேருக்குச் சோதனை நடந்தது. ஒருவருடையதும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூவருமே அதே ஊர்த் தலித்துகள்.

அந்த எட்டுப் பேரின் பயம் வீண் பயமா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் கேள்வி இதுதான்: பொருந்தாமல் போன மாதிரிகள் இப்போது யாருடையவை? 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் உயிரியல் மாதிரிகளையும் அளவீடு என்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. விடுதலையானால் அழிக்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் வேண்டாமென்றால் அழிக்க வேண்டியதில்லை. கைதே ஆகாமல் மாதிரி கொடுத்தவரின் நிலை என்ன என்பது அதில் தெளிவாக இல்லை. டி.என்.ஏ. தகவலுக்கென்று வந்த 2019 மசோதாவை 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ குற்றப் புலனாய்வுக்குப் பெரும் விலக்கு கொடுக்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது உச்ச நீதிமன்றம். அந்த உரிமை சேரியின் வாசலோடு நின்றுவிடுமா?

ரத்தம் ஒருவருடையது மட்டுமல்ல. என் மாதிரியில் என் அம்மா இருக்கிறார், என் பிள்ளை இருக்கிறான், பக்கத்துத் தெருச் சித்தப்பா மகனும் இருக்கிறான். சாதி அகமணத்தால்தான் நிற்கிறது என்று அம்பேத்கர் 1916லேயே எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கவைத்த சமூகத்தில், ஒருவரிடம் எடுத்த மாதிரி மொத்தச் சொந்தபந்தத்தையும் திறந்துகாட்டும் சாவி. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், மாட்டிக்கொள்பவர் பலர்.

மதுரைக்கு இது புதிதல்ல. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அவர்கள் எதிர்த்தது ரேகைச் சட்டத்தை. பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை. அந்தச் சமூகத்தின் சாதியாதிக்கத்தோடு நமக்குத் தீராத கணக்கு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் அன்று கையை நீட்ட மறுத்தவர்களை வீரர்கள் என்று வணங்கும் ஊர், ரத்தம் தர மறுத்த வேங்கைவயல்காரர்களைச் சந்தேகப்படுவது ஏன்?

நாங்கள் டி.என்.ஏ. சோதனைக்கு எதிரி அல்ல. நம் பெண்கள் மீதான வன்கொடுமை வழக்குகளில் அது பல நேரம் நமக்கு வேண்டிய சாட்சி. குற்றவாளியைப் பிடிக்கச் சோதனை செய்யுங்கள். பொருந்தவில்லையா, அழியுங்கள், அழித்ததை எழுத்தில் கொடுங்கள்.

தோழர்களே, நாளை நம் ஊரில் ஊசியோடு வந்தால் முதலில் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். எந்த உத்தரவின்படி எடுக்கிறார்கள், எந்த வழக்கிற்கு, எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். கேள்வி கேட்பது குற்றத்தை ஒத்துக்கொள்வது ஆகாது. நம் உடம்பு நம்முடையது என்று சொல்வதுதான் அது.

ஜெய்பீம்.