கடல் எங்கே போனது?

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இன்று அலுவலகக் கோபுரங்கள்தான் தெரிகின்றன. 1828-30ல் நாகூர் தர்கா எழுந்தபோது அது கடற்கரைச் சாலை. சற்றுத் தள்ளி, 1827ல் கூரைக் குடிசையாகத் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசல். 'குச்சுப் பள்ளி' என்ற பெயர் அதனால் வந்தது. இடையில், கடல் தெய்வத்துக்குச் சீனர்கள் கட்டிய தியான் ஹோக் கெங் ஆலயம்.

கற்றல் பயணத்தில் மாணவர்கள் இங்கு வருகிறார்கள். பயிற்சித்தாளில் ஆண்டை நிரப்பி (அது வாசல் பலகையிலேயே இருக்கிறது), குழுப்படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக, ஆசிரியர் ஒரு பழைய வரைபடத்தைக் கையில் கொடுத்து, "கடல் எங்கே போனது?" என்று மட்டும் கேட்கட்டும். நிலமீட்பு, கப்பலில் வந்தவர்கள், கரையிறங்கியதும் அவர்கள் செலுத்திய நன்றி எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே விரியும். தேர்வுக்கு உதவாது என்பார்கள். ஆதாரங்களை ஆராயும் கேள்விகள் தேர்வில் இப்போதே வருகின்றனவே!