'பத்தடி தானே, பார்த்துக்கலாம்': அதைப் பார்த்துக்கொள்ள 0.8 நொடிதான் இருக்கு!

கண்டரமாணிக்கம் மாதிரி செட்டிநாட்டு ஊர்களில் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், ஒரு கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ வந்தால் திடீரென உயிர் பெறும். சென்னையில், பெங்களூருவில், சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் போனிலேயே வேலையைப் பேசி முடிப்பார்கள். சவுக்குக் கம்பில் சாரம் ஏறும். வளவுச் சுவருக்குப் பெயின்ட், மேலே ஓடு மாற்றம், முகப்புக்குப் பூச்சு. சாரத்தில் நிற்பவர் காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு, அவ்வளவுதான். பெல்ட் எங்கேன்னு கேட்டால் பதில் ரெடியா இருக்கும்: "பத்தடி தானே சார், பார்த்துக்கலாம்."

பார்த்துக்கொள்ள நேரம் இருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும், இல்லை என்று சொல்லிவிடும்.

ஒரு நொடியில் 16 அடி

கீழே விழும் எதுவும் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் என்ற கணக்கில் வேகம் கூடிக்கொண்டே போகும். (பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சிவகங்கை மாவட்டத்தில் இது 9.78. துருவத்தில் 9.83. விழுகிறவருக்கு இந்தச் சலுகையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.) வேகம் கூடிக்கொண்டே போவதால் தூரம் சீராக ஏறாது. கால் நொடியில் ஒரு அடி, அரை நொடியில் 4 அடி, ஒரு நொடியில் 16 அடி.

பத்தடிக்கு ஆகும் நேரம் 0.79 நொடி. எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதே மனிதக் கை ஒரு விஷயத்துக்கு அசைய கிட்டத்தட்ட கால் நொடி எடுக்கும். கால் வழுக்கியது மூளைக்கு உறைத்து, கை எதையாவது தேடும்போது உடம்பு பாதி தூரம் இறங்கியிருக்கும். "கம்பியைப் பிடிச்சுக்குவேன்" என்பது சினிமாவில் மட்டும் நடக்கும்.

தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். 20 அடியில் இருந்து விழுந்தால் 39. 30 அடி என்றால் 48. ஓடும் பைக்கில் இருந்து அந்த வேகத்தில் நேராகச் சுவரில் மோதுவதற்குச் சமம். பைக்குக்கு ஹெல்மெட் கேட்கும் நாம், சாரத்துக்குக் கேட்பதில்லை.

"நான் ஒல்லி, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களும் உண்டு. விழும் வேகத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாகப் போட்டார், இரண்டும் ஒன்றாகத்தான் தரை தொட்டன. நிலவில் காற்று இல்லை. இங்கே காற்று இருந்தாலும், பத்து இருபது அடிக்குள் மனித உடம்பை அது ஒன்றும் தாங்கிவிடாது.

விழுவது கொல்லாது, நிற்பதுதான்

உண்மையில் விழும்போது உடம்புக்கு எதுவுமே ஆவதில்லை. அந்த முக்கால் நொடியும் விண்வெளி வீரர் மாதிரி எடையற்ற நிலைதான். பிரச்சினை கடைசி ஐந்து சென்டிமீட்டரில். பத்தடியில் சேர்த்த வேகம் முழுதையும் சிமென்ட் தரை அந்தச் சின்ன தூரத்தில் நிறுத்தினால், உடம்பின் மேல் விழும் விசை எடையைப் போல 60 மடங்கு. 60 கிலோ ஆளுக்கு மூன்றரை டன்னுக்கு மேல். அதே வீழ்ச்சியை ஒரு மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் வெறும் நாலு மடங்கு. எலும்பு தாங்கும்.

ஃபுல் பாடி ஹார்னஸ் செய்வது இதைத்தான். அதோடு வரும் ஷாக் அப்சார்பர் தையல் பிரிந்து நீண்டு, நிறுத்தும் தூரத்தைக் கூட்டுகிறது. இடுப்பில் கட்டும் சாதாரணக் கயிறு இதைச் செய்யாது. மொத்த விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் போய் இறங்கும். "கயிறு கட்டியிருக்கான்ல" என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. ஹார்னஸ் கயிறு 1.8 மீட்டர், அதைக் காலடியில் உள்ள பலகையில் மாட்டினால் என்ன ஆகும்? முதுகில் உள்ள வளையம் காலுக்கு மேலே ஒன்றரை மீட்டர், காலுக்குக் கீழே கயிற்றின் 1.8 மீட்டர். ஆக 3.3 மீட்டர், அதாவது 11 அடி விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். பத்தடிச் சாரத்தில் பெல்ட் போட்டும் தரையில்தான் போய் நிற்பார். கொக்கி தலைக்கு மேலே இருக்க வேண்டும். சவுக்குக் கம்பில் மாட்டுவதும் வேஸ்ட், ஆளோடு சாரமும் சேர்ந்து வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவில் கட்டுமான வேலையில் 6 அடிக்கு மேல் போனாலே வீழ்ச்சித் தடுப்பு கட்டாயம். நம்மூர் நிலைமை வேறு. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டம், சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய் வரை செலவாகும் வேலையைத் தன் வரம்பிலேயே சேர்க்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. வீட்டுக்காரர்களை அதிகாரிகள் தொந்தரவிலிருந்து காப்பாற்றும் நோக்கம் புரிகிறது. ஆனால் வெள்ளையடிப்பு, ஓடு மாற்றம், பூச்சு என நம் ஊர்களில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள்தான் வரும். சாரத்தில் நிற்பவருக்கு ஈர்ப்பு விசை எஸ்டிமேட் தொகை பார்த்துக் குறைவதில்லை. பதிவு, ரிட்டர்ன் போன்ற காகித வேலைகளில் சின்ன வீடுகளுக்கு விலக்கு கொடுக்கலாம். ஹார்னஸுக்கும் ஹெல்மெட்டுக்கும் விலக்கு கொடுத்திருக்கவே கூடாது.

அதுவரைக்கும் பந்து வீட்டுக்காரர் கையில். ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்புகிறவர், பெயின்ட் பிராண்டைக் கேட்கும் அதே போனில் ஹார்னஸையும் கேட்டால் போதும். ஐஎஸ் 3521 முத்திரை உள்ளது ஒரு சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பர்மா தேக்குக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் கணக்குப் பார்க்காத வீட்டில் இது பெரிய தொகையா? கொத்தனாரும் சித்தாளும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்பதும் அதே போனில் கேட்க வேண்டிய கேள்விதான். இல்லாவிட்டால் மரத்தில் இருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதையாக, அடிபட்டவர் குடும்பம் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அலைய வேண்டிவரும். சாரம் ஏறும் முதல் நாள் காலையில், கொக்கி எங்கே மாட்டப்போகிறார்கள் என்று ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்துவிடலாம்.