‘ரிப்பேர்’ சத்தத்துக்கு இவ்வளவு மவுசா? - ப்ரீஆம்ப் பெடல் யாருக்குத் தேவை?

பாட்டு அமைதியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். மென்மையான குரல், பியானோ, பின்னால் மெல்லிய கோரஸ். பாதி வழியில் திடீரென்று, தேனீக் கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கியதுபோல ஒரு கரகர சத்தம்! முதன்முறை கேட்பவர்கள் போன் ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளியான ‘டோன்ட் வொர்ரி’ என்ற அமெரிக்க கன்ட்ரி பாடல் அது.

போனில் கோளாறு இல்லை. கோளாறு நடந்தது நாஷ்வில் நகரில், 60 வருடங்களுக்கும் மேலான காலத்துக்கு முன்பு.

அரை வட்டத் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று அங்கே ஸ்டுடியோவாக இயங்கிவந்தது. பெயரே ‘குவான்செட் ஹட்’தான். ஒலிப்பதிவுப் பொறியாளர் க்ளென் ஸ்னாடி. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் தன் பகுதியை வாசிக்க, அவருடைய சத்தம் வந்துகொண்டிருந்த மிக்ஸர் சேனலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிட்டது. கிட்டார் சத்தம் முழுக்க கரகரவென்று மாறிப்போனது. வேறு சேனலுக்கு மாற்றி, இன்னொருமுறை வாசிக்கச் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வேறு எந்த ஸ்டுடியோவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால், கெட்டுப்போன அந்தப் பதிவையே வைத்துக்கொள்வதென்று முடிவானது. பாடல் அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் 10 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

சரி, அந்தச் சேனலுக்குள் இருந்தது என்ன? அதுதான் ப்ரீஆம்ப்.

மைக்கிலிருந்து வருவது மின்சாரம் என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்குச் சின்ன விஷயம். உலகம் முழுக்க மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்.எம்.58 மைக்கையே எடுத்துக்கொள்வோம். ஓரளவு உரக்கப் பாடினால் அது தருவது சுமார் 2 மில்லிவோல்ட். ஸ்டுடியோ கருவிகள் எதிர்பார்ப்பதோ ஒரு வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேலே. அதாவது, ஏறக்குறைய 600 மடங்கு பெரிதாக்க வேண்டும். இந்த முதல் கட்ட வேலையைச் செய்வதுதான் ப்ரீஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ளும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வேறு, இது வேறு. வரிசையில் முதலில் நிற்பதால் இதற்கு ஓர் அதிகாரம் உண்டு. இங்கே சேர்ந்த நிறம் கடைசிவரை கூடவே வரும். இங்கே தொலைந்ததைப் பின்னால் எவராலும் மீட்க முடியாது.

நாஷ்வில் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அந்தச் சத்தம் பிரபலமானதும், பாடகி நான்சி சினாட்ரா ஊருக்கு வந்தபோது தனக்கும் அதே சத்தம் வேண்டும் என்று கேட்டாராம். அதற்குள் அந்தச் சேனல் முழுவதுமாகச் செத்துப்போயிருந்தது! இதைப் பின்னாளில் ஸ்னாடியே சொல்லியிருக்கிறார். ரிப்பேர் ஆன பொருளையே ரிப்பேர் செய்து, பழைய ரிப்பேரை மறுபடி கொண்டுவருவது எப்படி? ரெவிஸ் ஹாப்ஸ் என்பவருடன் சேர்ந்து டிரான்சிஸ்டர்களை வைத்து அதே கரகரப்பைத் தரும் ஒரு சர்க்யூட்டை உருவாக்கினார் ஸ்னாடி. கிப்ஸன் நிறுவனம் அதை 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில், காலால் மிதிக்கும் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிட்டாரை டிரம்பெட் போல, டியூபா போல ஒலிக்க வைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அந்தப் பெட்டியை மிதித்த பிறகுதான் கடைகளில் சரக்கு காலியானது. அவரும்கூட, பின்னால் டிரம்பெட் வகையறாக்கள் வாசிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மாதிரியாகத்தான் அதை வாசித்து வைத்திருந்தார். மாதிரியே பாட்டாகிவிட்டது.

ஃபஸ் பெடல் என்பது கரகரப்பை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த பெட்டி. இன்று ‘அனலாக் ப்ரீஆம்ப் பெடல்’ என்று விற்பவை ஒருபடி மேலே போய், பழைய மிக்ஸரின் ஒரு சேனலையே பெட்டிக்குள் கொண்டுவர முயல்கின்றன. இதற்கான ஆசையை விதைத்ததில் பீட்டில்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1968 ஜூலையில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ‘ரெவல்யூஷன்’ பாடலைப் பதிவு செய்தபோது, கிட்டாரை ஆம்ப்ளிஃபயருக்கே கொண்டுபோகாமல் நேராக மிக்ஸரில் செருகினார்கள். பொறியாளர் ஜெஃப் எமெரிக், ப்ரீஆம்புகளைத் தாங்கும் எல்லைக்கு மேல் திருகிவிட்டார். கருவிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் ஸ்டுடியோ அது. அங்கே வேலை பார்ப்பவர் இப்படிச் செய்வதற்கு நல்ல துணிச்சல் வேண்டும்!

அதன் பிறகு 1970-ல் இங்கிலாந்தில் ரூபர்ட் நீவ் நிறுவனத்திலிருந்து வந்தது ‘1073’ என்ற ப்ரீஆம்ப். குரலுக்கும் கிட்டாருக்கும் இன்றுவரை ஸ்டுடியோக்காரர்கள் ஏங்கும் பெயர் அது. அமெரிக்காவின் ஜே.எச்.எஸ் நிறுவனம் தயாரிக்கும் ‘கலர் பாக்ஸ்’ பெடல், இந்த நீவ் வகையைப் பின்பற்றித்தான் வடிவமைக்கப்பட்டது. கிட்டார், பேஸ், கீபோர்டு, குரல் என எதை வேண்டுமானாலும் அதற்குள் அனுப்பலாம் என்பதுதான் இந்த வகைப் பெட்டிகளின் கவர்ச்சி.

அப்படி என்னதான் செய்கிறது? குமிழைக் குறைவாக வைத்தால் பெரிதாக எதுவும் தெரியாது. கொஞ்சம் ஏற்றினால், டிரான்சிஸ்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் திணற ஆரம்பிக்கும். ஒலி அலையின் உச்சிகள் மழுங்கும். அதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, உரத்த சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. பாடகர் முணுமுணுத்தாலும் வார்த்தை முன்னால் வந்து நிற்கும். இன்னொன்று, முதலில் இல்லாத மேல் சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன.

இந்த இரண்டாவது விஷயம் போனில் பாட்டு கேட்கும் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது. பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். போனின் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. ஆனால் ப்ரீஆம்பில் மழுங்கிய அலையில் 82, 123, 164 என்று அதன் மடங்குகள் வரிசையாகப் பலமாக இருக்கும். ஸ்பீக்கர் அவற்றில் மேலே உள்ளவற்றைத் தந்தாலே போதும். விடுபட்ட அடிச் சுரத்தை மூளை தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பஸ்ஸில் போன் ஸ்பீக்கரில் கேட்கும்போதும் சில பாடல்களில் பேஸ் ‘இருப்பதுபோல’ தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் மேடைகளில் இதன் அருமையை அதிகம் உணர்பவர்கள் வீணை, வயலினில் காண்டாக்ட் மைக் ஒட்டி வாசிப்பவர்கள். பீசோ வகை காண்டாக்ட் மைக்குக்கு எதிர்முனையில் 10 லட்சம் ஓம் அல்லது அதற்கு மேல் மின்தடை வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் சாக்கெட்டில் இருப்பது அதில் நூறில் ஒரு பங்குதான். நேராகச் செருகினால் மந்தர ஸ்தாயி கரைந்துபோய், வீணை தகரத் தட்டு போலக் கேட்கும். ரசிகர்கள் சவுண்ட் சிஸ்டம்காரரைத் திட்டுவார்கள். நடுவில் சரியான ப்ரீஆம்ப் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். இங்கே கரகரப்பு யாருக்கும் வேண்டாம். வாத்தியம் வாத்தியமாகக் கேட்டாலே போதும். அதற்குப் பெயர்பெற்ற ‘கலர்’ பெட்டி தேவையில்லை, அக்கூஸ்டிக் வாத்தியங்களுக்கென்றே வரும் எளிய ப்ரீஆம்ப் போதுமானது.

இப்போது வீட்டில் பாடி யூடியூபில் போடும் பிள்ளை இந்தப் பெட்டியைக் கேட்டு நச்சரித்தால் என்ன செய்வது?

உடனே வாங்க வேண்டியதில்லை என்பதே நேர்மையான பதில். நல்ல மைக், எதிரொலி அடங்கிய அறை, ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ்... இந்த மூன்றும் இல்லாத வீட்டில் ப்ரீஆம்ப் பெடல் செய்யக்கூடியது மிகக் குறைவு. மின்விசிறிச் சத்தத்தையும் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும்கூட அது அக்கறையோடு பெரிதாக்கித் தரும்! தவிர, இதே போன்ற நிறத்தைத் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் பிடித்திருந்தால் பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

மென்பொருளுக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு: வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். பெடல் வழியாகப் பதிவான குரலில் ஏறிய கரகரப்பைத் திரும்ப எடுக்க முடியாது. இரவு 11 மணிக்கு ஆஹா என்று இருந்தது, காலையில் கேட்டால் தொண்டை கட்டியதுபோல இருக்கலாம். அதனால் அனுபவசாலிகள் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெடல் வழியாகவும் மற்றொன்றைச் சுத்தமாகவும் பதிவு செய்வார்கள்.

அப்படியானால் பெட்டி யாருக்கு? மேடையில் வாசிப்பவர்களுக்கு. அனலாக் என்பதால் சத்தத்தை எண்களாக மாற்றித் திரும்பக் கொண்டுவரும் தாமதம் இல்லை. லேப்டாப் நடுவில் உறைந்துபோகும் பயம் இல்லை. விரல் குமிழைத் திருப்பிய நொடியில் காது வித்தியாசத்தை உணரும். ஆனால் பாடகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் கெயின் ஏற ஏற மைக் ஊளையிடும் ஆபத்தும் ஏறும். ஸ்டுடியோவில் அழகாக இருந்த அளவு, எதிரே மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும் மேடையில் சரிப்படாது. பாதி அளவிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

கடைக்குப் போகிறவர்கள் சொந்த மைக்கையும் சொந்த வாத்தியத்தையும் எடுத்துப்போவது அவசியம். பெட்டியில் எக்ஸ்.எல்.ஆர் சாக்கெட் இருக்கிறதா, கண்டென்சர் மைக் என்றால் அதற்கு வேண்டிய 48 வோல்ட் ஃபான்டம் பவர் தருகிறதா என்று கேளுங்கள். சாக்கெட் இருப்பதாலேயே பவரும் வரும் என்று அர்த்தமில்லை. பெட்டியோடு எந்த அடாப்டர் கேட்கிறார்கள், அதன் முனையில் பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே என்பதையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் கிடக்கும் ஏதோ ஓர் அடாப்டரைச் செருகி ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலோடு திரும்பி வருபவர்கள் நிறைய.

கடைசியாக, எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, பெடலை ஆன் செய்து ஒருமுறை, ஆஃப் செய்து ஒருமுறை பாடிப் பாருங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். சத்தம் கூடியதையே தரம் கூடியதாக நினைத்துக்கொள்வது காதின் பழைய பழக்கம், விற்பனையாளர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.