சால்வையா, நியமன ஆணையா? பெங்களூரு தன் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டாடும் கணக்கு

செப்டம்பர் 23 கர்நாடகத்தில் பௌரகார்மிகர் தினம். தெரு பெருக்கி, குப்பை அள்ளி ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் உள்ளாட்சிப் பணியாளர்களுக்கான நாள். பெங்களூருவில் வேலை பார்ப்பவராக இருந்தால் அன்று உங்கள் ஏரியாவில் எங்கேயாவது ஒரு ஷாமியானா போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாலை, சால்வை, குரூப் போட்டோ, சாப்பாடு. அடுத்த நாள் விடிவதற்குள் அதே பெண்கள் கையில் துடைப்பத்தோடு தெருவில் இருப்பார்கள்.

2025 மே 1 அன்று மேடையில் கொடுக்கப்பட்டது வேறு. பெங்களூரு பெருநகர மாநகராட்சியின் (பிபிஎம்பி) 12,692 பௌரகார்மிகர்களுக்கு நிரந்தரப் பணி நியமன ஆணைகளை முதல்வர் சித்தராமையா வழங்கினார். மாதச் சம்பளம் சுமார் 39,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்கில்.

இந்த இரண்டு மேடைகளுக்கும் என்ன வித்தியாசம்னு கார்ப்பரேட்டில் இருக்கிற நமக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை. ஆபீஸில் 'எம்ப்ளாயி அப்ரிசியேஷன் வீக்' நடக்கும்போது ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிட்டுக் கைதட்டி ஒரு கிஃப்ட் பை கொடுப்போம். ஆனால் அவர் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் கயிறு வேற கலர். அவர் நம் கம்பெனியின் பே-ரோலில் இல்லை. உள்ளாட்சிகளிலும் பல வருஷமாக நடப்பது இதேதான், அளவு மட்டும் பெரிசு.

கார்டில் இல்லாத பெயரும், ஆளே இல்லாத பெயரும்

'பௌரகார்மிகர்' என்றால் நகரத் தொழிலாளர். சாதியையும் இழிவையும் சுமந்த பழைய பெயர்களை விட்டுவிட்டு வந்த சொல். தமிழ்நாட்டில் 2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினோமே, அது மாதிரி. பெயரை மாற்ற அரசுக்குச் செலவு எதுவும் இல்லை. இவர்களுடைய வேலை நிலைமையை ஆராய்ந்த ஐ.பி.டி. சாலப்பா குழு 1976-லேயே கர்நாடகத்தில் அறிக்கை கொடுத்துவிட்டது. 500 பேருக்கு ஒரு பணியாளர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பின்னாளில் அரசு அதை 700 பேருக்கு ஒருவர் என்று தளர்த்திக்கொண்டது.

இடையில் ஒப்பந்த முறை வந்தது. குப்பை வேலை மொத்தமாக ஒப்பந்ததாரர்களிடம் போனது. மாநகராட்சி ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும். அவர் தொழிலாளிக்கு எவ்வளவு கொடுக்கிறார், பி.எஃப். கட்டுகிறாரா என்பதெல்லாம் அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். மாநகராட்சியின் ஏட்டில் தொழிலாளியின் பெயரே இல்லை. கொடுமை என்னவென்றால், ஒப்பந்ததாரரின் பட்டியலில் தெருவிலேயே இல்லாத ஆட்களின் பெயர்களும் இருந்தன. 2017-ல் பயோமெட்ரிக் வருகைப் பதிவு வந்தபோது காகிதத்தில் இருந்த ஆயிரக்கணக்கான 'தொழிலாளர்'களுக்கு விரல் ரேகை வைக்க ஆளே வரவில்லை. அந்தப் பெயர்களுக்கெல்லாம் அதுவரை பொதுப் பணம் போய்க்கொண்டிருந்தது.

அதே 2017-ல்தான் பௌரகார்மிகர்களைச் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா அனுப்பும் திட்டமும் தொடங்கியது. மொத்தம் 1,000 பேரை அனுப்புவதாக அறிவித்து, முதல் குழு ஜூலையில் கிளம்பியது. நாடு முழுக்கச் செய்தியானது, போனவர்களுக்குச் சந்தோஷம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெங்களூருவில் இதே வேலையைச் செய்த பெரும்பாலானவர்கள் அப்போதும் ஒப்பந்ததாரரின் ஏட்டில்தான் இருந்தார்கள். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத ஒருவருக்கு விமான டிக்கெட் எவ்வளவு தூரம் உதவும்?

2018 தொடக்கத்தில் தெரு பெருக்குபவர்களுக்கு மட்டும் இடைத்தரகர் நீக்கப்பட்டு, மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் போடத் தொடங்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றத்தின்போது யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்ற குழப்பத்தில் பலருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. 2018 ஜூலையில், அப்படிச் சம்பளம் வராமல் தவித்த ஒரு தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார். ஏட்டில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் இந்த வேலையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

ஒரு கையெழுத்து போட்டால் முடியாதா?

'அரசு நினைச்சா ஒரே நாளில் நிரந்தரம் பண்ணிடலாமே' என்று தோன்றும். முடியாது. காரணம், இதே கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கு.

2006 ஏப்ரலில் 'கர்நாடக மாநிலம் எதிர் உமாதேவி' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. முறையான தேர்வு நடைமுறை இல்லாமல் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள், பல வருஷம் வேலை பார்த்துவிட்டோம் என்பதை மட்டும் காட்டி நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்பதுதான் அதன் சாரம். கொல்லைப்புற நியமனங்களைத் தடுப்பது நோக்கம். நியாயமான நோக்கமும்கூட. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு ஒருமுறை மட்டும் விலக்கு தரலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் நாடெங்கும் நிர்வாகங்கள் அந்த விலக்கை மறந்துவிட்டு, தடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டன. 2024 டிசம்பரில் 'ஜக்கோ' வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் பல வருஷம் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தவர்களின் வழக்கு அது. நீண்டகாலம் உழைத்தவர்களின் உரிமையை மறுக்க உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

பெங்களூரு தொழிலாளர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒப்பந்ததாரரின் ஆட்களாக இருந்தவரை அவர்கள் மாநகராட்சியின் தற்காலிக ஊழியர்கள்கூட இல்லை. அதனால் படிப்படியாகத்தான் போக முடிந்தது. முதலில் ஒப்பந்ததாரரை நீக்கி நேரடிச் சம்பளம். பிறகு பௌரகார்மிகர்களை நியமிக்கத் தனிச் சிறப்பு விதிகள். அதன் பிறகே நிரந்தர ஆணை. இந்தப் படிகளில் எதுவும் தானாக நகரவில்லை. 2022 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க நான்கு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பெங்களூருவில் குப்பை மலையாகக் குவிந்தது. அப்போதைய பொம்மை அரசு உறுதி கொடுத்தது. அந்த செப்டம்பரில் முதல் கட்டமாக 11,133 பேரை நிரந்தரமாக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ஆட்சி மாறி, 2025 மே தினத்தில்தான் அந்தப் பெரிய மேடை வந்தது. பாஜக தொடங்கியதைக் காங்கிரஸ் முடித்ததா, காங்கிரஸ் 2017-ல் போட்ட அடித்தளமா என்று இரண்டு கட்சிகளும் உரிமை கொண்டாடலாம். தெருவில் உட்கார்ந்தவர்கள் பெண்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

சரி, இவ்வளவு பேரை நிரந்தரமாக்கினால் மாநகராட்சி திவாலாகிவிடாதா? கால்குலேட்டரை எடுத்தால், 12,692 பேருக்கு மாதம் 39,000 ரூபாய் என்றால் 49.5 கோடி. வருஷத்துக்குச் சுமார் 594 கோடி. பிபிஎம்பியின் 2025-26 பட்ஜெட் ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய். ஆக, சம்பளச் செலவு பட்ஜெட்டில் 3 சதவீதம். முந்தைய சம்பளத்தை மாதம் 17,000 என்று வைத்தால் கூடுதல் செலவு மாதம் 28 கோடி. ஓய்வுக்காலப் பலன்களைச் சேர்த்தால் இது கூடும், அது உண்மை. ஆனாலும் சுரங்கச் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் ஆயிரக்கணக்கான கோடிகளில் திட்டம் போடும் ஊரில், இதற்கு மட்டும் காசு இல்லை என்ற வாதம் எடுபடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிபிஎம்பி பகுதியில் இருந்தவர்கள் 84.4 லட்சம். அதை 700-ஆல் வகுத்தால் சுமார் 12,060 வருகிறது. நிரந்தரமானவர்களின் எண்ணிக்கையோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் ஊர் 2011-லேயே நிற்கவில்லையே. இன்றைய மக்கள்தொகையை 1.3 கோடி என்று குறைத்தே எடுத்தாலும் 18,500 பேருக்கு மேல் தேவை. முன்பே நிரந்தரமாக இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டாலும் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி போகும் இடம், ஒவ்வொரு பெண்ணும் பெருக்கும் தெருவின் கூடுதல் நீளம்.

பன்முகத்தன்மை எங்கே தெரிகிறது?

பெங்களூரு தன் பன்முகத்தன்மையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர். சொல்வதற்கு விஷயமும் இருக்கிறது. ஊரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுபவர்கள் ஒவ்வொரு தரப்பிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்பும் கரகம், தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். மாநகராட்சி முன்னின்று உதவும் விழா அது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து, 2009-ல் திறக்கப்பட்டது. கூடவே சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் வந்தது. பன்முகத்தன்மையைக் கொண்டாடுவதும் பேரம் பேசித்தான் நடக்கிறது என்பதற்கு இது நம்ம ஊர் சாட்சி.

கரகம் முடிந்த விடிகாலையில் அந்தத் தெருக்களைப் பெருக்குபவர்கள் யார்? பெங்களூருவின் பௌரகார்மிகர்களில் பெரும்பாலானவர்கள் தலித் பெண்கள். நிறையப் பேர் தெலுங்கு பேசுபவர்கள், தமிழ் பேசுபவர்களும் கணிசம். தலைமுறைகளுக்கு முன் இந்த ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். மொழி என்று பார்த்தால் பன்முகம் இருக்கிறது. சாதி என்று பார்த்தால் ஒரே முகம்.

இது பெங்களூருவுக்கு மட்டும் சொந்தமான கதை இல்லை. மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில், பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வேலை செய்பவர்களைப் பதிவு செய்தார்கள். தெரு பெருக்குபவர்கள் அல்ல, அதைவிட ஆபத்தான வேலை செய்பவர்கள். 2024-ல் வெளியான விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர், 14.7 சதவீதம் பிற்படுத்தப்பட்டோர், 8.3 சதவீதம் பழங்குடியினர். மற்றவர்கள் 8 சதவீதம். பொதுவாக அரசு வேலைப் பட்டியல்களில் மேலே போகப் போக எந்தப் பெயர்கள் குறையும் என்று தெரியும். இங்கே கீழே போகப் போக யார் காணாமல் போகிறார்கள் என்று பாருங்கள். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். அந்தக் காட்சி இந்த விகிதத்தை எந்தப் பக்கமும் நகர்த்தவில்லை.

நிரந்தர ஆணையில் இதற்கும் ஒரு சின்ன விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். 39,000 ரூபாய் நிலையான சம்பளம் இருக்கும் வீட்டில் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்க வேண்டியதில்லை. அம்மாவின் துடைப்பம் மகளின் கைக்கு வராமல் இருக்க வாய்ப்பு கூடுகிறது.

மேடையில் இல்லாதவர்கள்

மே மாத மேடையில் இரண்டு தரப்பு இல்லை. ஒன்று, மேயர். பிபிஎம்பி மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. தேர்தல் நடக்காமல் நிர்வாகியின் கையில்தான் ஊர் இருந்தது. உள்ளாட்சி தன் ஊழியரைக் கொண்டாடுகிறது என்கிறோம், ஆனால் அந்த உள்ளாட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட அன்று இல்லை. ஆணையைக் கொடுத்தவர் முதல்வர், பெயரும் அவருக்கு.

இன்னொரு தரப்பு, வீடு வீடாக வரும் குப்பை ஆட்டோவின் டிரைவர்கள், ஹெல்பர்கள், லாரியில் ஏற்றும் லோடர்கள். காலையில் ஹாரன் சத்தம் கேட்டதும் நீங்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இவர்களிடம்தான். 2022 வேலைநிறுத்தத்தில் இவர்களும் இருந்தார்கள். 12,692 பேர் பட்டியலில் இவர்கள் இல்லை, அப்போதும் ஒப்பந்ததாரரின் ஆட்களாகத்தான் இருந்தார்கள்.

இந்தக் கதை நமக்கு ஏன் இன்னும் நெருக்கமானது என்றால், பெங்களூரு ஆணை கொடுத்த மூன்றே மாதத்தில் சென்னை எதிர்த் திசையில் போனது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். மாநகராட்சியில் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய தங்களுக்குத் தனியாரிடம் 16,950 ரூபாய்தான் என்பது அவர்கள் வாதம். பெரும்பாலான மண்டலங்களில் ஏற்கெனவே தனியார்தானே என்பது நிர்வாகத்தின் வாதம். 13-ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, காப்பீடு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது டிபன்.

பெங்களூருவில் 2025 செப்டம்பர் முதல் பிபிஎம்பி இல்லை. கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. நிரந்தரமானவர்களும் ஐந்தாகப் பிரிகிறார்கள், குப்பை ஆட்டோ ஒப்பந்தங்களும்தான். இனி செப்டம்பர் 23-க்கு ஐந்து ஷாமியானா. உங்கள் வார்டில் நடக்கும் விழாவுக்குப் போனால், மேடைக்குப் பின்னால் குப்பை ஆட்டோவை நிறுத்திவிட்டு நிற்கும் டிரைவரிடம் அவருடைய ஐடி கார்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.